நன்றாகத் தோற்றவர்: குறைத்து மதிப்பிடப்பட்ட ஒரு ரெஸ்லரின் தொழில் வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாரம் ஒரு மணி நேரம் கேபிள் டிவியில் நிகழ்ச்சி நடத்திவந்த நடுத்தர ரெஸ்லிங் நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. காலம் 2000-களின் முதல் பத்தாண்டு. அந்த நிறுவனத்தின் எடிட்டிங் அறையில் நான் வேலை பார்த்தேன். ஒளிபரப்பான ஆட்டங்கள், ஒளிபரப்பாகாத கேமரா பதிவுகள், புக்கிங் தாள்கள் (யார் யாரோடு மோதுவார், முடிவு என்ன என்ற குறிப்புகள்), பின்னாளில் அந்த ரெஸ்லரே சொன்னவை ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. அவரை இங்கே 'மூத்தவர்' என்றும், அவரோடு அதிகம் மோதிய இளைஞரைப் 'புதியவர்' என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ப்ரொஃபெஷனல் ரெஸ்லிங்கில் யார் ஜெயிக்கப் போகிறார் என்பது மணி அடிக்கும் முன்பே முடிவாகிவிடும். இது இன்று ரகசியமும் அல்ல. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே ஒருவரின் வெற்றி தோல்விக் கணக்கை வைத்து அவர் திறமையை எடைபோட முடியாது. வெற்றியைக் கொடுப்பவர் புக்கர். கதை யோசிப்பது, அட்டவணை போடுவது, யார் யாரிடம் எப்படித் தோற்கவேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர் வேலை.

1948-இல் என்.டபிள்யூ.ஏ. கூட்டமைப்பு உருவானதிலிருந்து சில பத்தாண்டுகள் இந்தத் தொழில் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து நடந்தது. ஓர் இடத்தில் மதிப்பு இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடலாம். அங்கே இருக்கும் ரசிகர்களுக்கு இவருடைய பழைய தோல்விகள் தெரியாது. 1980-களில் கேபிள் டிவி வழியாக ஒரே நிறுவனத்தின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பித்ததும் அந்த வழி மெல்ல அடைபட்டது. 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற பெரிய ரெஸ்லிங் நிறுவனம் விற்கப்பட்டது, அடுத்த மாதமே ஈ.சி.டபிள்யூ. என்ற இன்னொரு நிறுவனம் திவால் மனு போட்டது. சில மாதங்களுக்குள் வேலை தேடும் ரெஸ்லர்கள் சந்தையில் குவிந்துவிட்டார்கள்.

மூத்தவர் எங்கள் நிறுவனத்துக்கு வந்தது அந்த நெருக்கடியில்தான். அப்போதே முப்பதைத் தாண்டியவர். வட்டார காலத்து ரெஸ்லர் ஒருவரின் பயிற்சிப் பள்ளியில் பழகி, சின்னச் சின்ன அரங்குகளில் வருடக்கணக்காக ஆடியவர். சராசரி உயரம், கறுப்பு ட்ரங்க்ஸ், கறுப்பு பூட்ஸ், வேறு எந்த அலங்காரமும் கிடையாது. கையெழுத்துப் போட்டது ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில். எல்லாரையும் போல அவரும் சட்டப்படி சுயேச்சை ஒப்பந்தக்காரர்; ஊழியர் அல்ல. மருத்துவக் காப்பீடு அவருடைய சொந்தப் பொறுப்பு. பின்னால் நடந்தவற்றுக்கு இந்த ஒரு வரி மிகவும் முக்கியம்.

எடிட்டிங் அறையில் கண்டவை

எங்களிடம் மூன்று கேமராக்கள். ஒன்று அரங்கின் ஒரு பக்கத்தில் நிலையாக நிற்கும் ஹார்ட் கேம். மற்ற இரண்டும் ரிங்கைச் சுற்றி ஓடுபவை. எடிட்டரின் பாதி வேலை மறைப்பதுதான். குத்து படாமல் போனால் அந்த நொடியில் வேறு கேமராவுக்கு வெட்ட வேண்டும். டிராப்கிக் (பாய்ந்து இரண்டு காலாலும் உதைப்பது) அரை அடி தள்ளிப் போனால் ரசிகர் கூட்டத்துக்கு வெட்ட வேண்டும். புதிதாக வந்தவர்களின் ஆட்டங்களில் கூட்டத்தின் முகங்கள் அடிக்கடி வருவது அதனால்தான்.

மூத்தவரின் ஆட்டங்களில் இந்த வேலை அநேகமாக இருக்காது. ஹார்ட் கேமை மட்டும் வைத்தே முழு ஆட்டத்தையும் ஓட்டிவிடலாம். முதலில் ஆட்டம் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தோம். பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தான் அடிபட வேண்டிய கோணத்தை அவரே திருத்திக்கொண்டிருந்தார். எதிராளியின் குத்து நேரம் தவறி வந்தால் இவர் தலையும் அதற்கேற்பத் தாமதித்துத் திரும்பும். ஹெட்லாக்கில் (தலையைக் கையிடுக்கில் இறுக்கும் பிடியில்) பிடிபட்டிருக்கும்போது முகம் எதிராளியின் விலாவுக்குள் புதைந்திருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்துதான் சொல்லிக்கொடுப்பார். உதடு அசைவதை ஒரு கேமராகூடப் பிடித்ததில்லை.

ஒரு பதிவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதியவர் கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர். ஆறரை அடி உயரம், பார்த்தவுடன் டிக்கெட் விற்கும் உடம்பு, ரிங் அனுபவம் மிகக் குறைவு. அன்றைய ஃபினிஷ், அதாவது ஆட்டத்தை முடிக்கும் அடி, பவர்பாம். எதிராளியைத் தோளளவுக்குத் தூக்கி, முதுகு தரையில் படும்படி இறக்க வேண்டும். தூக்கியபோது புதியவரின் ஒரு கை வழுக்கிவிட்டது. அப்படியே விழுந்திருந்தால் மூத்தவரின் கழுத்துதான் முதலில் கேன்வாஸைத் தொட்டிருக்கும். பதிவில் தெரிவது இதுதான்: காற்றில் இருக்கும்போதே அவர் புதியவரின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறார், தாடையை நெஞ்சோடு ஒட்டுகிறார், இடுப்பை முறுக்கி இரண்டு தோள்பட்டைகளும் ஒன்றாகப் படும்படி இறங்குகிறார். இரண்டு கைகளும் பலகையை அறைந்த சத்தத்தில் அரங்கமே எழுந்து நின்றது. ரிங்குக்குள் இருப்பது இரும்புச் சட்டமும் மரப்பலகையும், அதன்மேல் மெல்லிய ஃபோமும்தான். அந்தச் சத்தம் இயல்பாகவே பெரிதாகக் கேட்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பவர்பாம் புதியவரின் அறிமுக வீடியோவில் இடம்பிடித்தது. "எவ்வளவு பலம் பார்" என்று வர்ணனையாளர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படிச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

முதல் முடிவு: கீழேயே வைத்திருப்பது

புக்கரும் முன்னாள் ரெஸ்லர்தான். மூத்தவரின் திறமை தெரியாமல் அவரை மிட்கார்டிலேயே, அதாவது நடுத்தட்டு ஆட்டங்களிலேயே, வைத்திருந்தார் என்று ரசிகர்கள் சொல்வது சரியல்ல. நன்றாகத் தெரிந்ததால்தான் வைத்திருந்தார். பெரிய முதலீடு செய்யப்படும் ஒவ்வொரு புதுமுகத்தின் முதல் மூன்று நான்கு ஆட்டங்களும் மூத்தவரோடுதான். புக்கிங் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'பாதுகாப்பு' என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த முடிவில் நியாயம் இருந்தது. அனுபவமில்லாத இருவரை ஒரே ரிங்கில் விட்டால் யாராவது ஒருவர் ஆம்புலன்ஸில் போவார். சாம்பியன் பட்டம் ஒருவரிடம்தான் இருக்க முடியும். ஆனால் வாராவாரம் நல்ல ஆட்டம் கொடுக்க நம்பகமான ஆட்கள் நிறைய வேண்டும். உலக ஹெவிவெயிட் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லாமலே தொழிலுக்குள் பெருமதிப்புப் பெற்ற ஆர்ன் ஆண்டர்சனைப் புக்கர் அடிக்கடி உதாரணம் காட்டுவார்.

உதாரணம் சரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. ஆர்ன் ஆண்டர்சன் ஃபோர் ஹார்ஸ்மென் என்ற புகழ்பெற்ற குழுவில் இருந்தார். மைக்கைக் கையில் கொடுத்தால் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். தோற்றாலும் அவருக்கென்று ஓர் இடமும் ஒரு குரலும் இருந்தன. மூத்தவருக்கு நாங்கள் அப்படி எதையும் உருவாக்கித் தரவில்லை. ஆட்டம் இருந்தது, கதை இல்லை.

அவர் பக்கத்துக் குறையையும் எழுதத்தான் வேண்டும். ப்ரோமோ, அதாவது எதிராளிக்குச் சவால்விட்டுப் பேசுவது, அவருக்கு வரவே வராது. கேமரா முன்னால் நின்றால் குரல் தட்டையாகிவிடும், எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பார். இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டோம். அப்புறம், அவர் எதையும் கேட்க மாட்டார். மற்றவர்கள் புக்கரின் கதவைத் தட்டி "எனக்கு எப்போது புஷ் (மேலே ஏற்றிவிடுவது)?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது இவர் ஜிம்மில் புதியவர்களுக்கு விழக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2001-இல் வேலை போன அனுபவம் அவரை அப்படி ஆக்கியிருந்தது என்பது என் ஊகம். மறுத்தால் வேறொருவர் வருவார் என்ற பயம் அன்று நிறைய பேருக்கு இருந்தது.

வென்ற வாரம்

சில ஆண்டுகள் கழித்து, ஒரு சிறு நகர அரங்கில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கியது. எந்தக் கதையும் தூண்டாமல், கூட்டம் தானாகச் செய்தது. அடுத்த டேப்பிங்கிலும் (நிகழ்ச்சிப் படப்பிடிப்பிலும்) கேட்டது. அதற்கடுத்ததில் இன்னும் கூடியது. எடிட்டிங்கில் ஒலித்தடத்தைத் தனியாகப் பார்த்தால், மெயின் ஈவென்டுக்கு (அன்றைய முக்கிய ஆட்டத்துக்கு) வந்த சத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவருக்கு ஒரு வெற்றி கொடுக்கலாம் என்று முடிவானது. முன்னுதாரணங்களும் இருந்தன. 1993 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ரா நிகழ்ச்சியில், யாரும் பொருட்படுத்தாத ஓர் இளைஞர் ரேசர் ரமோன் என்ற நட்சத்திரத்தை வீழ்த்தினார். 1-2-3 கிட் என்ற பெயர் அன்றோடு நிலைத்தது. 1995-இல் வருடக்கணக்காகத் தோற்பதையே வேலையாகச் செய்த பாரி ஹோரோவிட்ஸ் ஸ்கிப் என்ற ரெஸ்லரை வென்றபோதும் கூட்டம் கொண்டாடியது. இரண்டிலும் வெற்றியோடு கதை நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரமோன் பணத்தைக் காட்டி மறு ஆட்டத்துக்கு அழைத்தார். ஹோரோவிட்ஸ், ஸ்கிப் மோதல் சம்மர்ஸ்லாம் வரை போனது.

எங்களிடம் சிக்கல் வந்தது அட்டவணையில். செலவைக் குறைக்க ஒரே இரவில் மூன்று வார நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் படமாக்குவோம். மூத்தவரின் வெற்றி முதல் வார நிகழ்ச்சிக்கு. மூன்றாவது வாரத்துக்கான பகுதியில், காயத்திலிருந்து திரும்பும் நட்சத்திரம் ஒருவருக்கு விரைவான வெற்றி தேவைப்பட்டது. பாதுகாப்பான ஆள் யார் என்று பார்த்தபோது கை தானாக அந்தப் பெயருக்குப் போனது. நான்கு நிமிடங்களில் தோல்வி. இரண்டும் ஒரே இரவில், ஒரே கூட்டத்தின் முன்னால் படமாக்கப்பட்டன. வெற்றிக்கு ரசிகர்கள் எப்படிப் பதில் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்த வெற்றியை அழித்தாயிற்று.

முதல் வார நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களும் அழைப்புகளும் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தின. மூன்றாவது வாரத்திலிருந்து அந்தத் தோல்வியை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. நேரத்தை நிரப்ப வேறு பதிவுகள் இருந்தன; வெட்டி எடுப்பது எங்களுக்குச் சிரமமே இல்லை. ஆனால் நட்சத்திரத்தின் மறுவருகையை விளம்பரம் செய்துவிட்டோம், மாற்ற முடியாது என்றார் புக்கர். ஒளிபரப்பானது. அடுத்த டேப்பிங்கில் மூத்தவர் வந்தபோது கைதட்டல் இருந்தது; பெயர் சொல்லிக் கத்தல் இல்லை. இவரை நம்பிக் கத்துவதில் பயனில்லை என்று கூட்டத்துக்கு நாங்களே சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அந்தத் தோல்வியைப் பற்றிச் சொன்னபோது மூத்தவர் என்ன சொன்னார் என்று பலர் கேட்பதுண்டு. "ஆட்டம் எத்தனை நிமிடம்?" என்று மட்டும்தான் கேட்டாராம்.

கழுத்து

அடுத்த சில ஆண்டுகள் அதே ஓட்டம்தான். மாற்றம் தெரிந்தது பதிவுகளில். அமெரிக்க ரெஸ்லிங்கில் எதிராளியின் இடப்பக்கத்தைப் பிடித்து ஆடுவதே வழக்கம். இடது கையில் பூட்டுப் போடுவார்கள், இடது காலைத் தாக்குவார்கள். மெக்சிகோவில் இது வலப்பக்கம். மூத்தவர் திடீரென்று தன் வலக்கையைக் கொடுக்க ஆரம்பித்தார். எதிராளிகள் குழம்பினார்கள், ஒருவர் அதை ரிங்கிலேயே கேலி செய்தார். இடது கையில் மின்சாரம் பாய்வதுபோல எரிச்சல், கட்டைவிரல் மரத்துப்போவது என்று பல மாதங்களாக அவருக்கு இருந்திருக்கிறது. ரெஸ்லர்கள் இதை ஸ்டிங்கர் என்பார்கள். ஃபுட்பால் ஆடுபவர்களுக்கும் வரும். சிலருக்குச் சில நிமிடங்களில் போய்விடும். இவருக்குப் போகவில்லை.

ஒரு ஹவுஸ் ஷோவில் (டிவிக்குப் படமாக்காத நிகழ்ச்சியில்) சாதாரண சப்ளெக்ஸில் (தூக்கி முதுகுப்பக்கமாகப் போடும் அடியில்) விழுந்து எழுந்தவரால் பிடி இறுக்க முடியவில்லை. ரெஃப்ரியிடம் சொல்லி ஃபினிஷை முன்கூட்டியே வரவழைத்து, வழக்கம்போல ஒழுங்காகத் தோற்று, தானே நடந்து உள்ளே போனார். எம்.ஆர்.ஐ.யில் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. தொண்டையின் முன்பக்கமாகத் திறந்து வட்டை நீக்கி, இரண்டு எலும்புகளையும் இணைக்கும் அறுவை சிகிச்சை.

இந்தத் தொழிலில் இது புதிதல்ல. எட்ஜ் என்ற டபிள்யூ.டபிள்யூ.ஈ. நட்சத்திரம் 2003-இல் கழுத்து இணைப்புச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தார். அதே கழுத்தால்தான் 2011-இல் ஓய்வு பெற்றார். பெரிய நட்சத்திரம் காயப்பட்டு உட்கார்ந்தால் அவருடைய மறுவருகையே ஒரு கதையாகும். சம்பளமும் ஏதோ ஒரு வடிவில் தொடரும். மூத்தவருக்கு நிறுவனம் அறுவை சிகிச்சைச் செலவைக் கொடுத்தது. அதற்குப் பிந்தைய மாதங்களின் பிசியோதெரபிக்கும் வீட்டுச் செலவுக்கும் எதுவும் இல்லை. ஒப்பந்தம் ஆட்டத்துக்குத்தான், ஆட்டம் இல்லை. சட்டப்படி யாரும் எதையும் மீறவில்லை. அந்தக் காலத்தில் அவர் ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்த்தார். அது எங்களுக்கு வெகு பின்னால்தான் தெரியவந்தது.

இரண்டாவது முடிவு: திரைக்குப் பின்னால்

அவர் இல்லாத மாதங்களில்தான் நிறுவனத்துக்கு அவருடைய கணக்குப் புரிந்தது. புதுமுகங்களின் ஆட்டங்களில் நாங்கள் கூட்டத்துக்கு வெட்டுவது பலமடங்கு கூடியது. ஒரு மாதத்துக்குள் இரண்டு பேருக்குக் காயம். ஏற்கெனவே பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போயிருந்த புதியவர் அங்கே எடுபடவில்லை. அவர் அனுப்பிய மாதிரி வீடியோவில் இருந்த ஆட்டங்கள் பெரும்பாலும் மூத்தவரோடு ஆடியவை. அந்த ஆட்டங்களை நடத்தியது யார் என்று வீடியோவில் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் புதியவர் எங்களிடமே திரும்பி வந்துவிட்டார்.

மூத்தவரைப் புரொடியூசராக எடுக்கலாம் என்ற யோசனை எடிட்டிங் அறையிலிருந்து போனது. புக்கர் முடிவைச் சொல்வார். அந்த முடிவுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று ரெஸ்லர்களோடு உட்கார்ந்து ஆட்டத்தை அமைப்பவர் புரொடியூசர். இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பெரிய பெயர் இல்லாதவர் சொன்னால் நட்சத்திரங்கள் கேட்பார்களா என்பது புக்கரின் கவலை. அதற்கு நாங்கள் வாதம் எதுவும் செய்யவில்லை. பவர்பாம் பதிவையும், அதுபோன்ற வேறு சில பதிவுகளையும் மெதுவாக ஓட்டிக் காட்டினோம். புக்கர் இரண்டாவது முறை ஓட்டச் சொன்னார். "இது நடந்தது அன்றைக்கு எனக்கே தெரியாது" என்றார். ரிங்கிலிருந்து சில அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

பின்விளைவு

மாதச் சம்பளத்தில் புரொடியூசர் வேலை. அந்தத் தொழிலில் அவருக்குக் கிடைத்த முதல் நிலையான வருமானம் அது. சொல்லிக்கொடுத்தவிதமும் வித்தியாசமானது. பெரிய சாகசங்களைக் குறைத்தார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு காத்திருக்கச் சொன்னார். கூட்டம் பார்த்து முடிப்பதற்குள் அடுத்ததைச் செய்தால் முதலில் செய்தது வீண் என்பது அவர் கட்சி. எங்கள் அறையில் வெட்டுகள் மறுபடி குறைந்தன. புதியவர் அவரிடம் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். இரண்டாண்டுகள் கழித்து ஒரு மெயின் ஈவென்டை எந்த உதவியும் இல்லாமல் தானே நடத்தினார்.

மருத்துவர் அனுமதித்த பிறகு மூத்தவர் சில ஆட்டங்கள் ஆடினார். கழுத்தில் விழாத ஆட்டங்கள் மட்டும். கடைசி ஆட்டத்திலும் தோற்றார். அவரே கேட்டு வாங்கிய தோல்வி. நிறுவனம் பிறகு டிவி நிகழ்ச்சியை நிறுத்தியது. அவர் இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் கற்றுத் தருகிறார். இடது கட்டைவிரலின் மரப்பு முழுதாகப் போகவில்லை.

இன்று நடந்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில் டேப்பிங் அட்டவணை. ஒருவருக்குத் திருப்புமுனையாக ஒரு வெற்றி கொடுக்கிறோம் என்றால், அன்றிரவே படமாகும் மற்ற வாரங்களிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும். அடுத்த டேப்பிங்வரை அவர் தோன்றாமல் இருந்தாலே போதும். ரசிகர்கள் மீதியைச் செய்வார்கள். தொடர்ந்து சில வாரங்களுக்குக் கதை இல்லையென்றால் வெற்றியே கொடுக்காமல் இருப்பது மேல்.

இரண்டாவது, ப்ரோமோ வராது என்று கைவிட்டது அவசரம். பேசத் தெரியாதவருக்குப் பேசும் மேனேஜரைச் சேர்ப்பது இந்தத் தொழிலின் பழைய வழி. பாபி ஹீனனும் பால் ஹேமனும் மற்றவர்களுக்காகப் பேசியே பெயர் வாங்கியவர்கள். எங்கள் நிறுவனத்தில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் வர்ணனை மேசையில் சும்மா இருந்தார். இருவரையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோல்விகளையே கதையாக்கியிருக்கலாம்: எல்லாரையும் நட்சத்திரமாக்கிவிட்டுத் தான் மட்டும் நிற்கும் ஆள். கூட்டம் தானாகக் கத்தியது அந்தக் கதைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, எழுதி வைப்பது. எந்த ஆட்டத்தை யார் அமைத்தார், யார் நடத்தினார் என்று புக்கிங் தாளில் ஒரு கட்டம் இருந்திருந்தால், அவர் மதிப்பு தெரிய அவர் கழுத்து போயிருக்க வேண்டியதில்லை. மூத்தவர் புரொடியூசர் ஆன பிறகு அந்தக் கட்டம் சேர்க்கப்பட்டது. வலப்பக்கம் கொடுக்க ஆரம்பித்ததுபோன்ற மாற்றங்களையும் எடிட்டிங் அறைதான் முதலில் பார்க்கும். அதை மருத்துவரிடம் சொல்ல ஒரு வழி வேண்டும், எங்களிடம் இருக்கவில்லை.

ஒப்பந்தம் பற்றி அவரிடமே கேட்டேன். இன்று கையெழுத்துப் போடும் மாணவர்களிடம் அவர் சொல்வது இரண்டே விஷயம்: காயத்துக்குப் பிந்தைய மாதங்களுக்குக் குறைந்தபட்சத் தொகை எழுத்தில் இருக்க வேண்டும், புதுமுகங்களோடு ஆடும் ஆட்டத்துக்குத் தனிக் கட்டணம் கேட்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டு வாங்கிய மாணவர்கள் ஓரிருவர் இருக்கிறார்களாம். முதலாவது இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.